அடம் பிடிக்கும் பிள்ளைக்கு எந்த வழி? ஒற்றை அறை வீட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

பிள்ளை தரையில் விழுந்து புரண்டு அழும்போது ஆளுக்கு ஒரு வழி சொல்வார்கள். ஆயா "முதுகுல ரெண்டு வை, அடங்கிடும்" என்பார். பக்கத்து வீட்டு அக்கா "ஃபோனைக் குடும்மா, பாவம்" என்பார். அப்பா "விடு, தானா எழுந்து வருவான்" என்று வாசலுக்குப் போய்விடுவார். யூடியூபில் பேசும் டாக்டரம்மா கட்டிப்பிடித்துக்கொள்ளச் சொல்வார். இன்னொரு வீடியோவில் தனி ரூமில் உட்கார வைக்கச் சொல்வார்கள். வட சென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் எத்தனையோ வீடுகளில் அந்தத் தனி ரூமே கிடையாது. சமையல், படுக்கை, பீரோ, டிவி எல்லாம் ஒரே அறையில். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம்.

நான் இந்தப் பகுதியில் பால்வாடி வேலையில் இருப்பவள். காலையில் பிள்ளையை விட வரும் அம்மாக்கள் வாசலில் நின்று கேட்பதும் இதைத்தான்: "டீச்சர், ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, நான் எதைத்தான் செய்யறது?" ஒவ்வொரு வழியையும் எடை போட இரண்டு கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். இப்படிச் செய்தால் அடுத்த மாதம் அடம் கூடுமா, குறையுமா? இது நம் வீட்டில், நம் ஆட்களை வைத்துக்கொண்டு நடக்கிற காரியமா? அந்த நிமிடமே அழுகை நிற்குமா என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. அடித்தாலும் நிற்கும், மிட்டாய் கொடுத்தாலும் நிற்கும்.

முதலில் வயசைப் பாருங்கள்

ஒரு வயசுக்குக் கீழே உள்ள குழந்தை அடம் பிடிப்பதில்லை. பசி, ஈரத்துணி, புழுக்கம், தூக்கம், பக்கத்தில் ஆள் இல்லாத தவிப்பு, இப்படி ஏதோ ஒன்றுக்குத்தான் அழுகிறது. பிறந்த குழந்தையின் அழுகை வாரத்துக்கு வாரம் கூடி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும். மூன்று நான்கு மாதத்தில் தணிந்துவிடும். அந்த உச்ச வாரங்களில்தான் "பால் பத்தலை", "திருஷ்டி" என்ற பேச்சு கிளம்பும். புட்டிப்பாலும் கிரைப் வாட்டரும் உரைமருந்தும் வீட்டுக்குள் நுழையும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் இருந்தால் தண்ணீர்கூட வேண்டாம். வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதையும் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்றே சொல்கிறார்கள்.

இந்த வயசில் நம் முன்னால் இருப்பது ஒரே ஒரு தேர்வு: தூக்குவதா, அழ விடுவதா? தூக்குங்கள். "தூக்கித் தூக்கிப் பழக்கினா கீழேயே விட முடியாது" என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். 1972இல் சில்வியா பெல், மேரி ஐன்ஸ்வொர்த் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 26 குழந்தைகளை முதல் வருடம் முழுக்க அவர்கள் வீட்டுக்கே போய்க் கவனித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அழுதவுடன் அம்மா வந்து கவனித்த குழந்தைகள் வருடக் கடைசியில் குறைவாகவே அழுதன என்றார்கள். சின்ன ஆய்வுதான், அதை மறுத்துப் பேசியவர்களும் உண்டு. ஆனால் கைக்குழந்தையை அழவிட்டால் நல்ல பழக்கம் வரும் என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு நேரத்தில் மட்டும் கீழே விடலாம். ராத்திரி முழுக்கத் தூங்காமல், கரண்ட்டும் போய், உங்கள் கை நடுங்குகிற அளவுக்குக் கோபம் வருகிறதா? குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு வாசலில் நின்று மூச்சு வாங்குங்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஐந்து நிமிடம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பிடித்து உலுக்கினால் மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்படலாம், உயிரே போகலாம். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு உடம்பு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சுட்டால் எதையும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒன்றரை வயசிலிருந்து நான்கு வயசு வரைதான் அசல் அடம். ஆசை பெரிசு, பேச்சு கொஞ்சம், கோபத்தை அடக்கும் மூளைப்பகுதியோ இன்னும் முழுசாக வளர்ந்திருக்காது. கீழே சொல்வதெல்லாம் இந்த வயசுப் பிள்ளைகளுக்கு.

அடி, மிரட்டல்

அடியை ஆதரிப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. "எங்கம்மா அடிச்சுத்தான் வளர்த்தாங்க, நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்பவர்கள் பாசத்தோடுதான் சொல்கிறார்கள். அதனால் அவர்களுக்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லர் இருவரும் 50 வருடத்து ஆய்வுகளைத் திரட்டி, 1,60,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை 2016இல் தொகுத்துப் பார்த்தார்கள். அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகளிடம் சொல் பேச்சு கேட்காத குணமும் அடுத்தவரை அடிக்கும் குணமும் கூடுதலாகவே இருந்தன. அடியால் நீண்ட நாளைக்கு ஒரு நல்லதும் தென்படவில்லை.

ஆய்வை விடுங்கள், பால்வாடியில் கண்ணால் பார்க்கலாம். பொம்மையைப் பிடுங்கிய பிள்ளையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு "அடிச்சா தப்பு, தெரியுதா?" என்று வீட்டில் அம்மா சொல்லும் அதே குரலில் அதட்டும் மூன்று வயசுப் பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். அடிக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. இன்றைக்கு ஒன்று போட்டால் அடங்குவான், ஆறு மாதத்தில் மூன்று போட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். கை ஏறிக்கொண்டே போகும். பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. ஆறேழு வயசுப் பிள்ளையை வாத்தியார் தொடக் கூடாது, இரண்டு வயசுப் பிள்ளையை நாம் அடிக்கலாம் என்றால் அதில் என்ன நியாயம்?

மிரட்டல் அடியைவிட லேசானது என்று நினைக்கிறோம். "பூச்சாண்டி வருவான்", "போலீஸ்கிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன்", "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்". காசே ஆகாத வழி, அந்த நிமிடம் வேலையும் செய்யும். அப்புறம் என்ன ஆகிறது என்று பாருங்கள். தடுப்பூசி நாளில் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் பிள்ளை அலறுகிறது, நிஜமாகவே உடம்பு சரியில்லாதபோது டாக்டர் தொட்டுப் பார்க்கக்கூட முடிவதில்லை. தீபாவளி சமயத்தில் துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டில் நிற்க இடமிருக்காது. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் திருவிழாவிலும் அப்படித்தான். அங்கே பிள்ளை கை நழுவித் தொலைந்தால் காக்கிச் சட்டையைப் பார்த்து அதன் பக்கம் ஓட வேண்டும். நாம் பயமுறுத்தி வைத்த பிள்ளை எதிர்ப்பக்கம் ஓடும். ஒன்றை விடு என்றால் முதலில் இந்தப் போலீஸ் மிரட்டலைத்தான் விடச் சொல்வேன்.

ஃபோன்

எல்லா வழியிலும் கஷ்டமான கணக்கு இதுதான். ஒற்றை அறையில் அடுப்பு எரிகிறது, எண்ணெய் காய்கிறது, பிள்ளை காலைச் சுற்றுகிறது. அந்தப் பத்து நிமிடம் ஃபோன் கொடுத்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். தீக்காயத்தைவிட ஃபோன் மேல்.

ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும், இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் அதற்கப்புறம் சொன்னதும் ஒன்றுதான்: இரண்டு வயசு வரை திரையே வேண்டாம், அதற்கு மேல் ஐந்து வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். வெளியூரில் இருக்கும் அப்பாவோடு வீடியோ காலில் பேசுவது வேறு கணக்கு.

நேரத்தைவிட நான் முக்கியமாகப் பார்ப்பது, ஃபோன் எப்போது கைக்கு வருகிறது என்பதை. அழுவதற்கு முன்னால், "அம்மா தோசை சுடுறேன், ரெண்டு பாட்டு பாரு, அப்புறம் ஃபோன் தூங்கப் போகும்" என்று நீங்களாகக் கொடுத்தால் அது அன்றைய வழக்கம். அழுத பிறகு வாயை அடைக்கக் கொடுத்தால் அது அழுகைக்குக் கூலி. அடுத்த நாள் இன்னும் சத்தமாக வேலை நடக்கும். கோபத்தைத் தானே அடக்கிப் பழக வேண்டிய இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஃபோன் வந்து நின்றால் பிள்ளை அந்தப் பழக்கத்தை எப்போது கற்றுக்கொள்ளும்? மிட்டாயும் இதே கதைதான், தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கண்டுகொள்ளாமல் விடுவது

சிணுங்கல், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுக் கத்துவது, பார்க்க ஆள் இருந்தால் மட்டும் விழுந்து புரள்வது, இவற்றுக்கு இது நல்ல வழி. பசியில், பயத்தில், காய்ச்சலில் அழும் பிள்ளைக்கு இது ஆகாது. கடிக்கிற, கல்லை எடுக்கிற, ரோட்டுக்கு ஓடுகிற பிள்ளையைப் பார்த்தும் பார்க்காமல் இருக்க முடியாது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கண்டுகொள்ளாமல் விடத் தொடங்கிய முதல் சில நாட்கள் அடம் குறையாது, கூடும். இதுவரை வேலை செய்த வழி இப்போது ஏன் செய்யவில்லை என்று பிள்ளை இன்னும் பலமாக முயன்று பார்க்கும். அந்தக் கட்டத்தில் இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ நாம் தளர்ந்து கேட்டதைக் கொடுத்தால், இருபது நிமிடம் கத்தினால்தான் கிடைக்கும் என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதற்கு முதல் நிமிடத்திலேயே கொடுத்திருக்கலாம்.

நம் வீடுகளில் இந்த வழி தோற்பது பெரும்பாலும் இங்கேதான். அம்மா உறுதியாக இருப்பார். ஆயாவுக்கு மனசு கேட்காது. மாடியிலிருந்து ஒரு அத்தை இறங்கி வந்து "ஏன்மா பச்சப் புள்ளையை இப்படி அழ விடுற" என்று இடுப்பில் தூக்கிக்கொண்டு பெட்டிக்கடைக்குப் போவார். அவர்கள் பாசத்தைக் குறை சொல்லி என்ன பயன்? அமைதியான ஒரு நேரத்தில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "ஆயா, ஒரு ரெண்டு வாரத்துக்கு அவன் மிட்டாய்க்கு அழுதா யாரும் குடுக்க வேணாம். அழுது முடிச்சதும் நீங்கதான் மடியில வெச்சுக்கணும்." ஆயாவுக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டால் அவர் நம் பக்கம் நிற்பார். அக்கம்பக்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வீட்டில் ஒத்துழைப்பு கிடைக்காது என்று உறுதியாகத் தெரிந்தால் இந்த வழியைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். பாதியில் விட்டால் முன்னைவிட மோசம்.

தனியே உட்கார வைப்பது

கேட்க எளிதாக இருக்கும், தப்பாகச் செய்யவும் எளிது. வயசுக்கு ஒரு நிமிடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். மூன்று வயசுக்கு மூன்று நிமிடம். அதற்கும் கீழே உள்ள பிள்ளைக்கு எதற்காக உட்கார வைத்தோம் என்பதே புரியாது. தனி ரூம் தேவையில்லை. நாம் கண்ணால் பார்க்கிற மாதிரி அறையின் ஒரு மூலையில் ஒரு பாய், பேச்சு கிடையாது, பொம்மை கிடையாது, நேரம் முடிந்ததும் விஷயமும் முடிந்தது. பாத்ரூமில் பூட்டுவதும், கதவுக்கு வெளியே ஹவுசிங் போர்டு படிக்கட்டில் நிறுத்துவதும் இதில் சேராது. அதெல்லாம் பயமுறுத்தல், ஆபத்தும்கூட.

கடித்தால், அடித்தால், கையில் கிடைத்ததை எடுத்து எறிந்தால் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். அதுவும் முதலில் கடிபட்ட பிள்ளையைத் தூக்கித் தடவிக் கொடுத்த பிறகு. கடித்தவனைத் திட்டுவதில் நாம் மும்முரமாக இருந்தால் கவனம் முழுக்க அவனுக்கே போகும்.

கூட இருப்பது

இதை "செல்லம் கொடுப்பது" என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடை வாசலில் பார்த்ததைச் சொன்னால் வித்தியாசம் புரியும். இரண்டரை வயசு இருக்கும், சோப்பு நுரை ஊதும் துப்பாக்கிப் பொம்மை கேட்டு நிறுத்தி வைத்த பைக்குகளுக்கு நடுவே மல்லாக்கப் படுத்துவிட்டான். அம்மா முதலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவனைத் தூக்கிப் படிக்கட்டு ஓரமாக விட்டார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை, "அந்தத் துப்பாக்கி வேணும், கோவமா வருது. இன்னைக்கு வாங்கல கண்ணு" என்றார். அப்புறம் வாயே திறக்கவில்லை. பொம்மைக்காரர் "குடும்மா, அழுவுது, காசு அப்புறம் தா" என்று நீட்டினார். அம்மா வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். காலை உதைத்துக் கத்திக்கொண்டிருந்த பையன் கொஞ்ச நேரத்தில் கத்தலை விட்டுத் தேம்ப ஆரம்பித்தான், பிறகு இரண்டு கையையும் அம்மா பக்கம் நீட்டினான். அவர் தூக்கிக்கொண்டு நடந்தார். பொம்மை வாங்கவில்லை, அதைப் பற்றி ஒரு பாடமும் நடத்தவில்லை.

அந்தக் கத்தல் தேம்பலாக மாறிய இடம்தான் கவனிக்க வேண்டியது. மைக்கேல் பொடேகல், ரிச்சர்ட் டேவிட்சன் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் சின்னப் பிள்ளைகளின் அடத்தை நிமிடம் நிமிடமாகப் பிரித்துப் பார்த்தார்கள். முக்கால்வாசி அடம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. கோபம் தொடக்கத்திலேயே உச்சத்துக்குப் போய் இறங்குகிறது; அது இறங்க இறங்க மிஞ்சுவது துக்கம். கோபம் உச்சத்தில் இருக்கும்போது அணைத்தால் பிள்ளை தள்ளிவிடும், புத்தி சொன்னால் எண்ணெய் ஊற்றிய மாதிரி இன்னும் எரியும். துக்கம் மிஞ்சிய நேரத்தில் அணைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் "கண்டுகொள்ளாதே" என்பவரும் "கட்டிப்பிடி" என்பவரும் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேச வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கோபம் இருக்கும்வரை அடிபடாமல் பார்த்துக்கொண்டு பேசாமல் பக்கத்தில் இருங்கள். தேம்பல் வந்ததும் மடியில் எடுங்கள். கேட்ட பொருளை மட்டும் இரண்டு கட்டத்திலும் கொடுக்காதீர்கள். இதற்குத் தனி ரூம் வேண்டாம், காசு வேண்டாம். என் தேர்வு இதுதான். பால்வாடியில் நாங்கள் பயன்படுத்துவதும் இதுதான். ஆனால் ஒரு பெரியவர் நிதானமாக இருந்தாக வேண்டும். அதுதான் இதன் விலை, மூன்று பிள்ளைகளை ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் அம்மாவுக்கு அது சின்ன விலை இல்லை.

அடம் வருமுன்னே

ஒரு வாரம் எழுதி வைத்துப் பாருங்கள்: எத்தனை மணிக்கு, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து, மதியம் தூங்கினானா. சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள்தான் நிறைய வீடுகளில் ரகளை. ஒன்று இரண்டு வயசில் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளைக்கு 11லிருந்து 14 மணி நேரம் தூக்கம் வேண்டும், மூன்றிலிருந்து ஐந்து வயசு வரை 10லிருந்து 13 மணி நேரம். விடியற்காலை தண்ணீர் பிடிக்கும் சத்தத்தில் எழுந்து, ராத்திரி பதினோரு மணி சீரியல் வரை விழித்திருக்கும் பிள்ளைக்கு இதில் பாதிதான் தேறும். அந்தப் பிள்ளைக்கு எந்த வழியும் வேலை செய்யாது. ஒரு மணி நேரம் முன்னால் தூங்க வைப்பதுதான் அதற்கு வைத்தியம்.

வெளியே கிளம்பும்போதே "கடைக்குப் போறோம், பொம்மை வாங்கல, வாழைப்பழம் வாங்குவோம்" என்று சொல்லி வையுங்கள். பூங்காவிலிருந்து கிளம்பும் முன் "இன்னும் ரெண்டு சறுக்கு, அப்புறம் வீடு" என்று சொல்லுங்கள். குளிக்க மறுக்கும் பிள்ளையிடம் "குளிக்கிறியா?" என்று கேட்காமல் "சிவப்பு மக்கா, பச்சை மக்கா?" என்று கேளுங்கள். நல்லது செய்யும்போது என்ன செய்தது என்று சொல்லிப் பாராட்டுங்கள்: "தம்பிக்கு நீயே பாதி பிஸ்கட் குடுத்துட்டியே!" வெறும் "சமத்து" என்றால் எதற்கு என்று அதற்குப் புரியாது.

இது அடமே இல்லை என்றால்

சில பிள்ளைகள் அழுதுகொண்டே மூச்சை நிறுத்தி, உதடு நீலமாகி, சில நொடி துவண்டு போவார்கள். பார்த்தவர்கள் அரண்டு போய், அதற்கப்புறம் கேட்டதையெல்லாம் கொடுப்பார்கள். ஆறு மாதத்திலிருந்து ஆறு வயசுக்குள் வரும் இது பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் தானே சரியாகும். அந்த நேரத்தில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்; உலுக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவு இதைக் கூட்டும், சிரப் கொடுத்தால் பலருக்குக் குறைகிறது. அதனால் முதல் தடவை வந்ததுமே டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. நிமிடம் தாண்டினாலோ, அழுகையே இல்லாமல் வந்தாலோ, கை கால் வெட்டி இழுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

ஒரு வயசாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயசாகியும் ஒரு வார்த்தை வரவில்லை, பேசிய வார்த்தையை விட்டுவிட்டது, கண்ணைப் பார்ப்பதில்லை என்றால் "ஆம்பளப் புள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று காத்திருக்க வேண்டாம். காது கேட்கிறதா என்பதில் தொடங்கிப் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது, சீக்கிரம் பார்த்தால் பலன் அதிகம். பால்வாடி டீச்சரிடமோ பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொன்னால் வழி காட்டுவார்கள். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலும் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும் குழந்தைகளுக்கான பிரிவுகள் இருக்கின்றன. போகும்போது தடுப்பூசி அட்டையோடு, அடமோ மூச்சு நிறுத்தலோ நடக்கும்போது எடுத்த ஒரு சின்ன வீடியோவும் கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் பிள்ளை அதைச் செய்து காட்டாது, நாம் வாயால் சொல்வதைவிட அந்த வீடியோ அவருக்கு அதிகம் சொல்லும்.